குடுமியைக் கத்தரித்தது யார்?

(தலைப்பு: தலைமுடிப் பாணி அடிக்கடி மாறக் காரணம் சினிமாவே? சமுதாயமே? இடம்: ஜவ்வாது மலை. ‘சமுதாயமே’ அணியின் பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களே! எதிரணியில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! பலாப்பழ வாசனையோடு எங்களை வரவேற்ற ஜவ்வாது மலைப் பெரியோர்களே, தாய்மார்களே! முன்வரிசையில் தலையை வாரிக்கொண்டே பேச்சைக் கேட்கும் இளைஞர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய தம்பி ரொம்ப ஆணித்தரமாகப் பேசினார். சினிமா இல்லைன்னா தமிழன் தலையில ஒண்ணுமே இல்லைன்னார். தலைக்கு மேலேன்னு சொல்லியிருந்தா நான் ஒப்புக்கொண்டிருப்பேன். தலையிலன்னு சொல்லிட்டாரே! (சிரிப்பு) பக்கத்தில் காவலூர் இருக்கிறது. 93 அங்குலத் தொலைநோக்கி. 1986-இல் வைணு பாப்பு அவர்களின் பெயரைச் சூட்டினார்கள். அங்கே விஞ்ஞானிகள் ராத்திரி முழுக்கக் கண் விழித்து நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள். நம்ம பிள்ளைகள் பகலிலேயே சலூன் நாற்காலியில் உட்கார்ந்து நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள். (கைதட்டல்) அதனால் எல்லாவற்றுக்கும் நட்சத்திரம்தான் காரணம் என்று தம்பி தீர்ப்பே எழுதிவிட்டார். நடுவர் ஐயாவுக்கு வேலை மிச்சம்.

நான் ஒன்று கேட்கிறேன். வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் படம் வருகிறது. ஒவ்வொரு படத்திலும் கதாநாயகன் ஏதோ ஒரு தலையோடுதான் வருகிறான். எல்லாத் தலையும் ஊருக்குள் வந்துவிட்டதா? பத்துத் தலையில் ஒன்றுதான் வருகிறது. மற்ற ஒன்பது ஏன் வரவில்லை? சினிமா என்பது திருப்பத்தூரிலிருந்து மலைக்கு வருகிற பஸ் மாதிரி ஐயா. பஸ் ஆளை ஏற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்த ஆள் ஏன் கிளம்பினான் என்பதை பஸ்ஸிடம் கேட்டால் தெரியாது. அவனிடம்தான் கேட்க வேண்டும்.

சினிமா வந்து நூறு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் தலை இல்லையா? இந்த மலையை விட்டு இறங்கினால் செங்கம் வட்டாரம். வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. மாடு பிடிக்க வந்தவர்களை மறித்துச் செத்த வீரர்களுக்கு எடுத்த கல். 1972-இல் தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்று புத்தகமாகவே போட்டார்கள். எடத்தனூர்க் கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாய்கூட நிற்கிறது. நாய்க்குப் பெயர் கோவிவன். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். நாயின் பெயரையும் வெட்டி வைத்தான் பாருங்கள், அந்தக் காலத்து மனுஷன்! இந்த நடுகற்களில் பல வீரர்களின் தலையைக் கவனியுங்கள். நீளமாக வளர்த்து அள்ளி முடிந்த கொண்டை. கையில் வில், இடுப்பில் குறுவாள், தலையில் கொண்டை. இன்றைக்கு நம் வீட்டுப் பையன் முடி வளர்த்தால், “என்னடா பொம்பளைப் பிள்ளை மாதிரி”ன்னு கேட்கிறோம். அந்தக் கல்லுக்கு முன்னால் போய்க் கேளுங்களேன் பார்ப்போம்! (சிரிப்பு, கைதட்டல்)

ஆக, ஆணுக்குக் குட்டை முடி, பெண்ணுக்கு நீள முடி என்பது ஆதியிலிருந்து வந்த சட்டம் கிடையாது. பெண்கள் கூந்தலை ஐந்து விதமாக முடித்ததால் ‘ஐம்பால்’ என்று கூந்தலுக்கே பெயர் வைத்தது சங்க காலம். ஆண்களுக்கோ முன்குடுமி, பின்குடுமி, உச்சிக்குடுமி, கட்டுக்குடுமி. குடுமி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தே ஆள் யார், எந்தக் கூட்டம் என்று சொல்லிவிடுவார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடுமான்னு பழமொழியே இருக்கு. குடுமி அன்றைக்கு அடையாள அட்டை. பாதிரிமார்களுக்கே பெரிய குழப்பம்: கிறிஸ்தவராக மாறியவர் குடுமி வைத்துக்கொள்ளலாமா, கூடாதா? அது இந்து மத அடையாளம், எடுத்துவிட வேண்டும் என்றார்கள் சிலர். இல்லை, அது நாட்டு வழக்கம்தான், அதில் மதம் இல்லை என்று வாதாடினார் கால்டுவெல். குடுமியைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான் ஐயா. குடுமி அவ்வளவு பெரிய விஷயம்.

அந்தக் குடுமி எப்படிப் போனது? நான் பேச வந்ததே இதுதான். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

இந்த மலையின் வடக்குப் பக்கம் அமிர்தி. அப்படியே போனால் வேலூர்க் கோட்டை. 1806-ஆம் வருஷம். சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் ஓர் உத்தரவு போடுகிறார். சிப்பாய்கள் சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதி மதக் குறி இருக்கக் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடையை மழிக்க வேண்டும். மீசை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தோல் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். நடந்தது என்ன? ஜூலை 10 விடிவதற்குள் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. பெரிய கோபம் தலைப்பாகை மேலேதான். திப்பு சுல்தானின் பிள்ளைகள் அதே கோட்டையில் காவலில் இருந்ததும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் மீசையும் தாடியும் அந்தக் கணக்கில் உண்டு. ரத்த ஆறு ஓடியபிறகு உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் கம்பெனி திருப்பி அழைத்துக்கொண்டது. ஒரு மனுஷனின் மூஞ்சியில் இருக்கிற முடியை அவன் சம்மதம் இல்லாமல் தொட்டால் சாம்ராஜ்யமே ஆடும் என்பதற்கு வேலூரை விடப் பெரிய சாட்சி வேண்டாம். (கைதட்டல்)

சரி. அப்படியே நூறு வருஷம் தள்ளி வாருங்கள். யாரும் உத்தரவு போடவில்லை. துப்பாக்கி இல்லை, கசையடி இல்லை. ஆனால் நம்மாட்கள் தாமாகவே வரிசையில் நின்று குடுமியை அறுத்துக்கொண்டு கிராப்பு வைத்துக்கொள்கிறார்கள்! பாரதியார் 1898-இல் காசிக்குப் போகிறார். அங்கே குடுமியை எடுக்கிறார், மீசை வைக்கிறார். வீட்டில் பெரிய ரகளை. அத்தை கணவர் கிருஷ்ண சிவனுக்கு வந்த கோபம் தணியச் சில காலம் பிடித்தது. பாரதி எந்த சினிமாவைப் பார்த்துக் கிராப்பு வைத்தார்? தம்பி, அப்போது தமிழ் சினிமாவே பிறக்கவில்லை. (சிரிப்பு)

1806-இல் உயிரைக் கொடுத்தும் விடாத முடியை நூறு வருஷத்தில் கூலி கொடுத்து ஏன் வெட்டிக்கொண்டான்? இடையில் ஒன்று நடந்தது. ரயில் வந்தது, தாலுகா கச்சேரி வந்தது, கோர்ட்டு வந்தது, காலேஜ் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர், குமாஸ்தா, வக்கீல், போலீஸ்காரர்... சம்பளம் வாங்குகிற தலைகளில் மெல்ல மெல்லக் கிராப்பு ஏறியது. எல்லோரும் ஒரே நாளில் மாறவில்லை. வக்கீல்களிலேயே பலர் கோட்டுப் போட்டுத் தலைப்பாகைக்குள் குடுமியை ஒளித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். வெளியே சீமை, உள்ளே சுதேசி! (சிரிப்பு) ஆனால் கிராமத்தில் இருந்து பார்ப்பவனுக்கு ஒன்று புரிந்துவிட்டது. மேலே போகிறவன் தலை இப்படி இருக்கிறது. நானும் மேலே போக வேண்டும். என் பிள்ளையாவது போக வேண்டும். அப்பாவுக்குக் குடுமி, பிள்ளைக்குக் கிராப்பு என்று ஒரே வீட்டில் இரண்டு தலை இருந்த காலம் அது. கிராப்பு அழகு என்பதால் வரவில்லை. அது போகிற இடத்துக்குத் தானும் போக வேண்டும் என்ற ஏக்கத்தால் வந்தது. அப்புறம் பார்க்கப் பார்க்க அழகாகிவிட்டது!

இதில் இன்னொரு பக்கம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. குடுமிக்குச் சவரக்கத்தி ஒன்று போதும். மருத்துவர் வீட்டுப் பெரியவர் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து மழித்துவிடுவார். வருஷக் கூலி களத்தில் நெல்லாகவோ சாமையாகவோ அளக்கப்படும். கிராப்புக்கு அது போதாது. கத்திரி வேண்டும், சீப்பு வேண்டும், கழுத்தோரம் ஓட்ட மிஷின் வேண்டும், கண்ணாடி வேண்டும், சாய்ந்து உட்கார நாற்காலி வேண்டும். நாற்காலி வந்தால் கடை வேண்டும். இப்படித்தான் சலூன் பிறந்தது. அதுவரை ஊர் முறைக்குக் கட்டுப்பட்டு வீடு வீடாகப் போன தொழிலாளி, கடைக்கு முதலாளி ஆனார். காசு கொடுத்தவன் நாற்காலியில் உட்காரலாம் என்று ஒரு புதிய நியாயம் வந்தது. உட்காரலாம் என்று சொன்னேனே தவிர, எல்லோரையும் உட்கார விட்டார்களா? 1955-லேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. கடையில் இடம் மறுத்தால் குற்றம். ஆனாலும் சொந்த ஊர் சலூனில் உட்கார முடியாமல், முடி வெட்டிக்கொள்ள டவுனுக்கு பஸ் ஏறிப் போகிற மனிதர்களைப் பற்றிய செய்தி இன்னும் பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. முடி என்ன பாணி என்பது அப்புறம். நாற்காலியில் யார் உட்காரலாம் என்பதே இன்னும் தீராத இடங்கள் இருக்கின்றன. (மௌனம்)

இப்போது எதிரணி கேட்கும்: “சரி, கிராப்பு வந்தாச்சு. எல்லாரும் கிராப்பு வச்சாச்சு. அதோட நிக்க வேண்டியதுதானே? ஏன் திரும்பத் திரும்ப மாறுது?” நல்ல கேள்வி. இதற்கு ஜெர்மனியில் ஒரு சமூகவியல் பேராசிரியர், ஜார்ஜ் சிம்மல், 1904-இல் பதில் எழுதினார். மேலே இருப்பவன் தன்னைத் தனியாகக் காட்ட ஒன்றைச் செய்கிறான். கீழே இருப்பவன் அவனைப் போல ஆக அதையே செய்கிறான். கீழே இருப்பவன் வந்து சேர்ந்ததும் மேலே இருப்பவன் அதை விட்டுவிட்டு வேறொன்றுக்கு ஓடுகிறான். இவன் துரத்த, அவன் ஓட, இதற்குத்தான் ஃபேஷன் என்று பெயர். நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால், நம்ம வீட்டு வேலைக்காரர் நம்ம மாதிரியே சட்டை போட்டால் நமக்கு அந்தச் சட்டை பிடிக்காமல் போய்விடுகிறதே, அதுதான்! (கைதட்டல்)

இது புத்தகத்தில் மட்டும் இருக்கிற சங்கதியா என்றால், சோதித்தே பார்த்தார்கள். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஒரு காலத்தில் கையில் மஞ்சள் ரப்பர் வளையம் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். புற்றுநோய்க்கு நிதி திரட்டுகிற வளையம். ஜோனா பெர்கர், சிப் ஹீத் என்று இரண்டு ஆய்வாளர்கள் ஒரு விடுதிப் பிள்ளைகளுக்கு அதை விற்றார்கள். அப்புறம் பக்கத்து விடுதிக்கும் விற்றார்கள். அந்தப் பக்கத்து விடுதி யார் தெரியுமா? எப்போதும் புத்தகமும் கையுமாக இருக்கிற படிப்பாளிகள். ‘அவங்களும் போட்டுட்டாங்களா?’ என்று தெரிந்ததும் முதல் விடுதியில் நிறையப் பேர் வளையத்தைக் கழற்றிவிட்டார்கள்! வளையம் மாறவில்லை. நிறம் மாறவில்லை. புற்றுநோயும் குறையவில்லை. போட்டுக்கொண்ட ஆள் மாறினான், அவ்வளவுதான். 2008-இல் வெளியான ஆய்வு இது.

இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம்ம ஊர்த் தலைகளைப் பாருங்கள். ஊரெல்லாம் கிராப்பு வந்தபிறகு, நாற்பதுகளில் ‘பாகவதர் கிராப்பு’ வந்தது. எண்ணெய் பளபளக்கப் பின்னால் தோள் வரை புரளும் முடி. எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி கண்ட படம். சினிமாவுக்கு இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. நானே எடுத்துத் தருகிறேன். ஆனால் அந்த நீள முடி நாடக மேடையில் ஏற்கெனவே இருந்தது தம்பி. மேடையில் இருந்ததைத்தான் திரை ஊரெல்லாம் கொண்டு போனது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் 1944-இல் கைதானார். 1947-இல் விடுதலையாகி வெளியே வந்தார். குரல் அதே குரல். முடி அதே முடி. படங்கள் ஓடவில்லை. சினிமாதான் முடியைத் தீர்மானிக்கிறது என்றால், அவர் மறுபடி திரையில் வந்தபோது அந்த முடியும் மறுபடி வந்திருக்க வேண்டுமே! வரவில்லை. சுதந்திரம் வந்த நாட்டில் பையன்கள் வேறு மாதிரி ஆக ஆசைப்பட ஆரம்பித்துவிட்டார்கள். பாகவதர் கிராப்பு ‘அப்பா காலத்துத் தலை’ ஆகிவிட்டது.

எழுபதுகளில் ஹிப்பி முடி. காதை மூடி, சட்டைக் காலரைத் தொட்டு, கீழே பெல்பாட்டம். ரோட்டைப் பெருக்கிக்கொண்டே நடந்த தலைமுறை அது. இங்கே உட்கார்ந்திருக்கிற சில பெரியவர்கள் சிரிக்கிறார்கள், அவங்க வீட்டு ஆல்பத்தைப் போய்ப் பாருங்க பிள்ளைகளா! (பலத்த சிரிப்பு) இந்த முடியை எதிர்த்து ஓர் அரசாங்கமே போர் தொடுத்தது. நம்மவர்கள் நிறைய வாழ்கிற சிங்கப்பூர்தான். நீள முடி ஆண்கள் அரசு அலுவலகத்துக்கு வந்தால் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். நீள முடி என்றால் எது? முன்முடி புருவத்தைத் தொட்டால், பக்க முடி காதை மறைத்தால், பின்முடி காலருக்குக் கீழே இறங்கினால்! படம் போட்டே விளக்கினார்கள். 1972-இல் லெட் செப்பலின் என்ற பெரிய இங்கிலாந்து இசைக்குழு, முடியை வெட்ட மறுத்ததால் அங்கே கச்சேரி செய்ய முடியாமலே போனது. அப்படிக் கெடுபிடி இருந்த ஊரில் முடி குறைந்தது, சரி. கெடுபிடியே இல்லாத நம்ம ஊரிலும் எண்பதுகளில் அந்த முடி போயே போச்சே, அது எப்படி? டவுன் காலேஜ் பையன் வைத்திருந்தவரைக்கும் அது ‘ஹிப்பி’. லாரி கிளீனரும் வைத்துக்கொண்ட அன்றைக்கு அது ‘பரட்டை’. தடை போட்டு நிறுத்த வேண்டிய அவசியமே இல்லாமல் காலேஜ் பையன் சலூனுக்கு ஓடினான். அப்புறம் ஸ்டெப் கட்டிங், பங்க், ஸ்பைக் என்று ஒவ்வொன்றும் இதே பாதையில் ஏறி, இதே பாதையில் இறங்கியது. விவரித்தால் நடுவர் மணி அடித்துவிடுவார்.

பெண்கள் பக்கமும் வருகிறேன் அம்மா, முறைக்காதீர்கள். இந்தி நடிகை சாதனாவுக்கு நெற்றி அகலம். 1960-இல் ‘லவ் இன் சிம்லா’ படத்துக்காக, ஹாலிவுட் ஆட்ரி ஹெப்பர்னைப் பார்த்து முன்முடியை நெற்றியில் வெட்டி விட்டார்கள். ‘சாதனா கட்’ நாடெல்லாம் பரவியது. நெற்றி சின்னதாக இருந்த பெண்களும் வெட்டிக்கொண்டார்கள். இருந்த நெற்றியும் போச்சு! (சிரிப்பு) அகலமான நெற்றியை மறைக்கத்தான் அது வந்தது என்றால் இவர்களுக்கு அது எதற்கு? கல்லூரிக்கும் வேலைக்கும் பெண்கள் போகத் தொடங்கிய காலம் அது. அம்மா மாதிரி எண்ணெய் வைத்து வழித்துப் பின்னிய சடையோடு போகாமல், நான் வேறு என்று காட்ட ஒரு கற்றை முடி தேவைப்பட்டது. சாதனா கொடுத்தார். அவர் கொடுக்காவிட்டால் வேறு யாராவது கொடுத்திருப்பார்கள்.

ஆனால் ஒன்று பாருங்கள், நம்ம அரசுப் பள்ளிப் பெண் பிள்ளைகளின் ரெட்டைச் சடை. மடித்துக் கட்டிய ரிப்பன். எத்தனை தலைமுறையாக அப்படியே இருக்கிறது! அது ஏன் ஃபேஷன் போகவில்லை? அது ஃபேஷனாக வந்ததே இல்லை, அதனால் போகவும் இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி பின்ன வேண்டும் என்றபிறகு, யாரும் யாரையும் துரத்தவும் முடியாது, யாரும் ஓடவும் முடியாது. சிதம்பரம் தீட்சிதர்களின் குடுமியும் போலீஸ்காரர் கிராப்பும் அதே மாதிரிதான். அது பொறுப்பின் அடையாளம். சினிமா எவ்வளவு முட்டினாலும் அசையாது.

போன பாணி திரும்பி ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தாடி உள்ள முகம், மழித்த முகம் என்று படங்களைக் காட்டி, எது நன்றாக இருக்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். தாடிப் படங்கள் நிறைய இருந்த கட்டில் மழித்த முகம் அதிக மதிப்பெண் வாங்கியது. மழித்த முகங்கள் நிறைய இருந்த கட்டில் தாடி வாங்கியது. அதாவது கூட்டத்தில் எது அரிதோ அதற்குத்தான் மவுசு. எல்லோரும் அதைப் பிடித்தால் அரிது போய்விடுகிறது. அதோடு மவுசும் போய்விடுகிறது. லண்டனில் வந்த ஒரு பழைய படப் பத்திரிகையில் 1842 முதல் 1972 வரை வந்த ஆண்களின் முகங்களை டுவைட் ராபின்சன் என்பவர் எண்ணிப் பார்த்தார். முதலில் கன்னக் கிருதா அலை ஏறி இறங்கியது, அப்புறம் முழுத் தாடி, அப்புறம் மீசை. ஒவ்வொன்றும் பல பத்தாண்டுகள் பிடித்து ஏறி, பல பத்தாண்டுகள் பிடித்து இறங்கியது. ஒரு தலைமுறை செத்து, அதை வைத்திருந்தவர் யார் என்பது மறந்தபிறகுதான் அடுத்தவன் துணிந்து எடுக்கிறான்.

அதனால்தான் ஐயா, நம்ம கொண்டை திரும்பி வந்தது! பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் முடியை வளர்த்து, உச்சியில் முடிந்து, ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறான். அவன் கொள்ளுத் தாத்தா வெட்கப்பட்டு அறுத்த அதே கட்டுக்குடுமி. இவன் ஏன் வெட்கப்படவில்லை? இவனைப் பார்த்து யாரும் பட்டிக்காட்டான் என்று நினைக்க மாட்டார்கள் என்ற தைரியம். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறதே! ஆனால் இங்கே மலையில் ஒரு பையன் அதே கொண்டையைப் போட்டால் என்ன சொல்வோம்? யோசித்துப் பாருங்கள். அதே முடி, அதே ரப்பர் பேண்ட். (கைதட்டல்)

முன்பு சென்னைத் தலை மலைக்கு வந்து சேர மூன்று நான்கு வருஷம் ஆகும். இப்போது செல்போன் வந்துவிட்டது. ராத்திரி அங்கே ஒருவன் படம் போட்டால் காலையில் ஜமுனாமரத்தூர் சலூனில் பையன் போனை நீட்டி, “அண்ணா, இதே மாதிரி”ங்கிறான். தம்பி சொல்கிற சினிமாவுக்கே இப்போது வேலை குறைந்துவிட்டது! சார்ஜ் போட்ட டிரிம்மர் இருக்கிறது. பக்கத்தில் ஒன்று, அரை என்று நம்பர் வைத்து ஏற்றி இறக்கி ஃபேடு போட்டு, கோடு இழுத்துவிடுகிறார். கத்திரி மட்டும் இருந்த காலத்தில் இவ்வளவு லேசில் முடியாத காரியம். ஆனால் வேகமாக ஏறுவது வேகமாக இறங்கும். குழந்தைகளுக்கு வைக்கிற பெயரில்கூட, பிரான்சிலும் அமெரிக்காவிலும் பல வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். சடாரென்று பிரபலமான பெயர் சடாரென்றே செத்துப்போகிறது என்று 2009-இல் எழுதினார்கள். தலையும் அப்படித்தான். பாக்ஸ் கட்டிங் வந்த வேகத்தில், அதை வைத்திருப்பவனுக்கு ‘புள்ளிங்கோ’ என்று பட்டப்பெயரும் வந்துவிட்டது.

அந்த வார்த்தைக்குத்தான் வருகிறேன். புள்ளிங்கோ என்று சிரிக்கிறோமே, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? அதே ஃபேடை வெளிநாட்டுக் கால்பந்து வீரர் வைத்தால் ஸ்டைல் என்கிறோம். குப்பத்துப் பையன், கூலிக்காரர் மகன், மலைவாழ் பிள்ளை வைத்தால் ரவுடித்தலை என்கிறோம். முடிக்கா அந்தப் பெயர் வைத்தோம்? முடிக்குக் கீழே இருக்கிற ஆளுக்கு வைத்தோம்.

சில ஊர்களில் பள்ளிக்கூடத்தார் சலூன்காரர்களுக்குக் கடிதமே கொடுத்தார்கள்: மாணவர்களுக்கு இந்த மாதிரி வெட்டாதீர்கள் என்று. நான் ஒழுங்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வகுப்பில் முப்பது பேரைக் கட்டி மேய்ப்பவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் இந்த மலையில் ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். வீட்டில் அவன்தான் முதல் தலைமுறையாகப் புத்தகத்தைத் தூக்குகிறவன். லீவுக்கு அண்ணன் வேலை செய்கிற டவுனுக்குப் போனான். அங்கே இருக்கிற பையன்களைப் போலத் தலையை வெட்டிக்கொண்டு வந்தான். அவன் மனசில் என்ன? நானும் அவங்கள்ல ஒருத்தன். வேற ஒண்ணுமில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் கிராப்பு வைத்துக்கொண்ட குமாஸ்தா மகன் நினைத்த அதே நினைப்பு. அவனைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, “போய் வெட்டிட்டு வா”ன்னு அனுப்புகிறோம். சலூன் இருக்கிற இடத்துக்குப் பல கிலோமீட்டர். கையில் காசு இல்லை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். அவன் என்ன செய்வான்? ஒரு நாள் வரமாட்டான். அப்புறம் ஒரு வாரம். அப்புறம் ஒருநாள் அண்ணனோடு பஸ் ஏறிவிடுவான். அங்கே வேலைக்கு ஆள் எடுக்கிறவர் தலையைப் பார்ப்பதில்லை ஐயா, தோளைத்தான் பார்க்கிறார். (நீண்ட கைதட்டல்)

இன்னும் ஆறு மாதத்தில் அந்தப் பாணி தானாகவே போயிருக்கும். சினிமாவைக் காரணம் காட்டுகிற எதிரணிக்கு இந்தப் பையன் கண்ணில் படவில்லை. ‘படம் பார்த்துக் கெட்டுப்போயிட்டான்’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், சுலபம்.

வள்ளுவர் கூடாவொழுக்கத்தில் மொட்டையும் வேண்டாம், சடையும் வேண்டாம், உலகம் பழிப்பதைச் செய்யாமல் இருந்தால் போதும் என்றார். அவர் துறவிகளுக்குச் சொன்னார். எதிரணி அதை ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குச் சொல்கிறது. (சிரிப்பு)

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து எதிரணியில் பேச வருகிற அம்மையாரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். கீழே செங்கத்தில் கல்லாக நிற்கிறானே ஒரு வீரன், தலையில் கொண்டையோடு. அவன் எந்தத் தியேட்டரில் எந்தப் படம் பார்த்து அதை முடிந்துகொண்டான்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் பேச்சைத் தொடங்கட்டும்.